வழு வேறு, குற்றம் வேறு!

ஒரு மொழியின் வளத்தை அதன் புகழ்ச்சொற்களைக் கொண்டு அளப்பார் பலர். நாம் அதன் பழிச்சொற்களைக் கொண்டு அளக்க விரும்புகின்றோம். புகழ்வதற்குப் பேரறிவு வேண்டுவதில்லை. பிறனொருவனைக் குறைகூறும்பொழுதே பேசுவானுடைய அறிவும் நடுநிலையும் வெளிப்படும். செய்யப்பட்டது யாது, அறிந்து செய்ததா அறியாது நேர்ந்ததா, அது திருத்தத்தக்கதா, ஒறுக்கத்தக்கதா, இரங்கத்தக்கதா, அன்றி ஒன்றுமே சொல்லாது விடத்தக்கதா என்பவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து, ஏற்ற சொல்லைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு குறைகூறுவானுக்கு உண்டு. அதற்குரிய சொற்கள் அவன் மொழியில் இருத்தல் வேண்டும். இருந்தால் மட்டும் போதாது. அவன் அவற்றை வேறுபாடறிந்து வழங்கவும் வேண்டும்.

அத்தகைய சொற்களுக்குத் தமிழில் ஒரு குறைவுமில்லை. வழு, பிழை, தவறு, தப்பு, இழுக்கு, குறை, குற்றம், மாசு, மறு, கறை, வடு, பழுது, பழி, எச்சம் என்று அடுக்கிக்கொண்டே செல்லலாம். ஆயின் இன்று நம் தெருவிலும் திண்ணையிலும் திருமணப் பேச்சிலும் ஒலிப்பவை எவை? 'தோசம்', 'பாவம்', 'பலவீனம்', 'ஊனம்' என்னும் நான்கு வடசொற்களும், எதற்கெடுத்தாலும் 'தப்பு' என்னும் ஒரு தமிழ்ச்சொல்லுமே! பதினான்கு வாயில்களுள்ள வீட்டில் ஒரு வாயிலை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, ஏனையவற்றை அடைத்துவிட்டோம். இதனாற் கெட்டது மொழி மட்டுமா? மக்களின் வாழ்வும் கெட்டது என்பதையே இத்திங்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகின்றோம்.

முதற்கண் நம் சொற்களின் அடியைக் காண்போம். வழுவுதல் என்பது நழுவுதல். வழுக்குதல் என்பதும் அதன் இனமே. அதனின்று பிறந்தது வழு. இழுக்கு என்பதும் அத்தகையதே. திருவள்ளுவர் கேள்வி என்னும் அதிகாரத்தில் வழுக்கு நிலத்தை 'இழுக்கல்' என்று குறித்து, ஒழுக்கமுடையார் வாய்ச்சொல் அந்நிலத்தில் ஊன்றுகோல் போல் உதவும் என்று கூறியிருத்தலை அறிஞர் அறிவர். தவறுதல் என்பது குறி தவறுதல். தப்புதலும் பிழைத்தலும் அவ்வாறே. எய்த அம்பு குறியைப் பிழைத்தது என்றால் அது பிழை. வந்த சாவு ஒருவனைப் பிழைத்தது என்றால் அவன் பிழைத்துக்கொண்டான்! தப்பு என்னும் சொல்லும் இவ்வாறே இரு பக்கமும் நிற்கின்றது. தப்புச் செய்தான் என்கின்றோம். தப்பிவிட்டான் என்றும் சொல்கின்றோம். தெலுங்கும் கன்னடமும் இச்சொல்லை இன்றும் நம்மோடு ஒப்ப வழங்குகின்றன.

இவற்றினின்று தெரிவதென்ன? தமிழன் தவற்றை ஒரு நிகழ்ச்சியாகக் கண்டான். நடந்துகொண்டிருந்தவன் வழுக்கினான், எய்தவன் குறி தவறினான். வழுக்கியவன் எழலாம், குறி தவறியவன் மீண்டும் எய்யலாம். அவன் பிறப்பிலேயே வழுக்கியவன் என்றோ, அவன் குடியே குறி தவறிய குடி என்றோ இச்சொற்களுள் ஒன்றேனும் கூறவில்லை.

மாசு, மறு, கறை, வடு என்னும் நான்கும் வேறொரு கூட்டம். மாசு மேலே படிவது, துடைத்தால் அகலும். கறை ஊறிப் பிடிப்பது. துடைத்தாற் போகாது, வெளுத்தால் ஓரளவு நீங்கும். மறு உடனிருப்பது, மதியின்கண் தோன்றும் மறுவை எவராலும் அகற்றவியலாது, அதனால் மதியின் ஒளியும் மங்கிவிடுவதில்லை. வடு என்பது புண் ஆறிய பின்னும் நிற்கும் அடையாளம். தீச்சுட்டதைப் புண் என்றும், நாச்சுட்டதை வடு என்றும் வள்ளுவர் வேறுபடுத்தியதன் நுட்பத்தை உன்னுக! நாவினால் விளையும் தீங்கு புண் என்னும் நிலையில் நிற்காது நேரே வடுவாகிவிடுகின்றது என்பதே அவர் கருத்தாதல் வேண்டும். குறைகூறும் சொல்லை எடுப்பவன் முதலில் நினைக்க வேண்டுவது இது.

குறை என்பது நிறை என்பதன் மறுதலை. ஏனத்தில் நீர் குறைந்தால் நிறைக்கலாம். அதற்காக ஏனத்தைப் பழிப்பாரில்லை. குற்றமோ செய்தவனை உடன் இழுத்து வந்து நிறுத்தும் சொல். பழி அதனினும் ஒருபடி மேற்பட்டு, ஊரார் வாயில் நிலைபெறுவது. குறை எது, பழி எது என்று வேறுபடுத்துவதில் வள்ளுவர் காட்டிய கண்டிப்பு பெரிது. ஆள்வினையுடைமை அதிகாரத்தில், பொறியில்லாமை எவர்க்கும் பழியாகாது என்றும், அறிய வேண்டியவற்றை அறிந்து முயலாமையே பழி என்றும் அவர் முடிவு கூறினார். பொறி என்பதற்கு ஊழ் எனப் பரிமேலழகர் உரை கண்டார். உடலுறுப்பு எனப் பொருள் கொள்வாரும் உளர். எப்பொருளைக் கொண்டாலும் கருத்து ஒன்றே. தன் செயலால் வாராத ஒன்றிற்கு எவனையும் பழித்தலாகாது.

இனி, இலக்கண நூலார் பக்கம் வருவோம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைக் கற்றார் திணை, பால், இடம், காலம், செப்பு, வினா, மரபு என்னும் ஏழிடத்தும் வழு நேரும் என்பதை அறிவர். அவ்வழுவைக் காக்கும் முறையை உரையாசிரியர்கள் இரண்டாகப் பகுத்தனர். வழுவற்க என்று விலக்கிக் காத்தல் ஒன்று. வழுவினும் அமைக என்று ஏற்றுக் காத்தல் மற்றொன்று. இப்பின்னதே வழுவமைதி. தன் ஆவினை அன்பின் மிகுதியால் 'என் அம்மை வந்தாள்' என்பானொருவன் அஃறிணையை உயர்திணையாக்கினான். ஆகவே திணை வழு. எனினும் அதன் அடியில் அன்பிருப்பதைக் கண்டு இலக்கணம் அதனை அமைத்துக்கொண்டது. விதியை வகுத்த அதே கை, விதி மீறலின் உட்பொருளையும் ஆராய்ந்தது. பிழையைக் கண்டவுடன் ஏன் நேர்ந்தது என்று வினவும் பண்பு நம் இலக்கண மரபிலேயே உள்ளது.

நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்று தொல்காப்பிய மரபியலும் நன்னூலும் கூறும். அவற்றுள் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். ஒன்று, குன்றக் கூறல். மற்றொன்று, மிகைபடக் கூறல். ஒன்றைக் குறைத்துச் சொல்வதும் குற்றமே, மிகுத்துச் சொல்வதும் குற்றமே! இவ்விரு தட்டுகளையும் கையிற் கொண்டு இன்றைய வழக்கை நிறுத்துப் பார்ப்போம்.

மிகைபடக் கூறலுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமா? 'தோசம்' என்னும் சொல்லைப் பாருங்கள். வடமொழியில் அதற்குக் குற்றம், கேடு என்றே பொருள். பெண்ணொருத்தி பிறந்த நேரத்தில் செவ்வாய் என்னும் கோள் ஓரிடத்தில் நின்றதாம். ஆகவே அவளுக்குச் 'செவ்வாய் தோசமாம்'! கோள் நின்றதற்கு அவள் என் செய்வாள்? வழுவியவளும் அல்லள், பிழைத்தவளும் அல்லள், குறையுடையவளும் அல்லள். ஆயினும் குற்றம் என்னும் சொல் அவள் பெயரின் பக்கத்தில் எழுதப்பட்டுவிட்டது. அதனாற் கழிந்துபோன திருமணங்கள் எத்தனை! பெற்றோர் விட்ட கண்ணீர் எத்துணை! அக்கோள் கதிரவனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 687 நாள் எடுத்துக்கொள்கிறது. 2014-இல் இந்திய விண்கலமே அதனைச் சென்று சுற்றியது. கலம் அனுப்பிய நாட்டிலேயே அக்கோளின் பெயரால் பெண்கள் இன்னும் மணமின்றி நிற்கின்றனர்.

'பாவம்' என்னும் சொல்லின் கொடுமை இன்னும் நுட்பமானது. 'பாப' என்னும் வடசொல்லுக்குத் தீவினை என்பதே பொருள். அச்சொல்லையே நாம் இரக்கம் காட்டவும் எடுத்துக்கொண்டோம். கண்ணில்லார் ஒருவர் தெருவைக் கடக்கின்றார். 'ஐயோ பாவம்' என்கின்றோம். சொல்பவர் நெஞ்சில் இரக்கமே உள்ளது, ஐயமில்லை. ஆனால் சொல்லின் நெஞ்சில் உள்ளது யாது? முற்பிறப்பில் இவர் செய்த தீவினையே இப்பிறப்பிற் கண்ணின்மையாக வந்தது என்னும் கொள்கை! இரங்குவது போல நின்று அச்சொல் குற்றஞ்சாட்டுகின்றது. அந்தோ, இரங்கத்தக்கவர், எளியவர், அளியர் என நமக்கு எத்தனை சொற்கள்! அளியர் என்னும் சொல்லின் அடி அளி. அளி என்றால் அன்பு, அருள். அதில் எவர்மீதும் பழியில்லை.

இக்கொள்கை வெறும் பேச்சளவில் நின்றுவிடவில்லை. தொழுநோயைப் பாவத்தின் பயன் என்று நம் நாடு நெடுங்காலம் நம்பிற்று. அந்நோயை உண்டாக்கும் நுண்ணுயிரை நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் 1873-இல் கண்டறிந்தார். அதனை முற்றும் தீர்க்கவல்ல கூட்டு மருந்து முறையை உலக நலவாழ்வு நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்தது. ஆயினும் துணைவருள் ஒருவர்க்குத் தொழுநோய் என்பதை மணவிலக்குக்குரிய கரணியமாகக் கொண்ட சட்டப் பிரிவுகள் இந்தியாவில் 2019 வரை நீடித்தன; அவ்வாண்டில் இயற்றப்பட்ட திருத்தச் சட்டமே அவற்றை நீக்கியது. நுண்ணுயிர் பிடிபட்டு நூற்றைம்பது ஆண்டுகள் ஆகவிருந்தன. நோய்க்கு மருந்தும் வந்துவிட்டது. சொல்லுக்கு மருந்து வந்துசேர அத்துணைக் காலம் ஆயிற்று!

'அபராதம்' என்னும் சொல்லின் வரலாறு வேறு வகையில் நம்மைச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கின்றது. வடமொழியில் அதற்குப் பிழை, குற்றம் என்றே பொருள். தமிழகத்திற்கு வந்த பின் அது பிழைக்காகக் கட்டும் பணத்திற்குப் பெயராகிவிட்டது. குற்றம் மறைந்தது, பணம் நின்றது! சாலை விதியை மீறியவன் 'அபராதம் கட்டிவிட்டேன்' என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்வதைக் கேட்கின்றோம். ஒறுப்புக் கட்டணம் என்றோ தண்டத்தொகை என்றோ சொன்னால், ஒறுக்கப்பட்டோம் என்னும் உணர்வேனும் எஞ்சியிருக்கும்.

'பலவீனம்' செய்த கேடு, நம் சொற்களுக்கிடையே இருந்த வேறுபாடுகளை அழித்ததாகும். 'பலம்' என்பதும் 'ஈனம்' என்பதும் சேர்ந்து வந்த வடசொல் அது. உடல் மெலிந்தவனும் பலவீனன். மூப்பால் தளர்ந்தவனும் பலவீனன். உழைத்துச் சோர்ந்தவனும் பலவீனன். கணக்கில் இன்னும் பயிற்சி பெறாத மாணவனும் 'கணக்கில் பலவீனன்'! மெலிவு உணவால் தீரும். சோர்வு ஓய்வால் தீரும். தளர்ச்சிக்கு ஊன்றுகோல் வேண்டும். பயிற்சிக் குறைவுக்கு ஆசிரியர் வேண்டும். நான்கு நோய்க்கும் ஒரே பெயரிட்டால் மருந்து எவ்வாறு கிடைக்கும்? மேலும், தமிழ் மென்மையைக் குறையாகக் கருதிய மொழியன்று. வல்லினம், மெல்லினம், இடையினம் என எழுத்துகளைப் பகுத்தார் நம் முன்னோர். மெல்லின எழுத்துகளை வலுவிழந்த எழுத்துகள் என்று எவரேனும் இகழ்ந்ததுண்டா?

இனிக் குன்றக் கூறலுக்கு வருவோம். கழிவுநீர்க் குழிக்குள் மாந்தரை இறக்குவதற்கு எதிராக 2013-இல் நடுவணரசு சட்டம் இயற்றியது. 1993 முதல் அவ்வாறு இறந்தோர் ஒவ்வொருவர் குடும்பத்திற்கும் பத்து இலக்கம் உருவா வழங்க வேண்டுமென்று உச்சமன்றம் 2014-இல் ஆணையிட்டது. 2023-இல் அத்தொகையை முப்பது இலக்கமாக உயர்த்தியது. இத்தனைக்குப் பின்னும் நச்சுக்காற்றுத் தாக்கித் தொழிலாளர் மாண்டனர் என்னும் செய்தி வந்துகொண்டுதான் இருக்கின்றது. அச்செய்தியில் வரும் சொல் யாது? 'விபத்து', 'அசம்பாவிதம்', மிஞ்சிப் போனால் 'கவனக்குறைவு'! சட்டம் விலக்கிய ஒன்றை அறிந்தே செய்வித்தவனுடைய செயல் வழுவா? இழுக்கா? அது குற்றம்! எளியவன் வழுக்கி விழுந்தால் அதற்குக் குற்றமென்று பெயர். வலியவன் பிறரைக் குழியில் இறக்கிக் கொன்றால் அதற்கு வழுவென்று பெயர் என்றால், சொற்களின் நிறைகோல் எங்கே சாய்ந்திருக்கின்றது என்பதை அன்பர்களே கூறுக.

இதுகாறும் வடசொற்களையே மிகுதியும் சாடினோம். 'வடசொல்லை நீக்கித் தமிழ்ச்சொல்லை வைத்துவிட்டால் எல்லாம் சீராகிவிடுமோ?' என்று நம்மை நோக்கி வினவுவார் உளர். அவ்வினா நேர்மையானது, அதனைத் தட்டிக் கழித்தல் நமக்கு அழகன்று. 'செவ்வாய் தோசம்' என்பதைச் 'செவ்வாய்க் குற்றம்' என்று மொழிபெயர்த்துவிட்டு அமர்ந்திருந்தால், அப்பெண்ணுக்கு நாம் செய்த நன்மை ஒன்றுமில்லை. முன்னர் வடமொழியில் நின்றாள், இப்பொழுது தமிழில் நிற்பாள், அவ்வளவே! சொல்லைக் களைவதோடு அச்சொல் சுமந்து வந்த கருத்தையும் களைதல் வேண்டும். தூய தமிழ்ச்சொல்லும் தீய கைக்குட்பட்டால் வாளாகிவிடும் என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்றுண்டு.

1871-இல் ஆங்கில அரசு ஒரு சட்டம் இயற்றியது. சில குடிகளிற் பிறந்தார் அனைவரும் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்பது அதன் உட்கிடை. 1911-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் அது சென்னை மாநிலத்திற்கும் வந்தது. தமிழில் அதனைக் 'குற்றப் பரம்பரைச் சட்டம்' என்றனர். குற்றம் என்பது நம் சொல்; அதனோடு பரம்பரை என்பதை ஒட்டியவுடன், ஒருவன் செய்கையைக் குறித்த சொல் ஊர் முழுவதையும் குறிக்கும் சொல்லாயிற்று. அகவை வந்த ஆடவர் கைவிரற் பதிவு தர வேண்டும். இரவில் காவல் நிலையத்திற்கு வர வேண்டும். ஊரைவிட்டுச் செல்ல இசைவுச் சீட்டு வேண்டும். மதுரையை அடுத்த உசிலம்பட்டிப் பகுதியிலுள்ள பெருங்காமநல்லூர் மக்கள் அப்பதிவுக்கு இசைய மறுத்தனர். 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் காவலர் சுட்டனர். பெண்ணொருத்தி உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பலர் போராடியதன் பயனாய்ச் சென்னை மாநிலத்தில் 1947-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. இந்தியா முழுவதும் 1952-இல் ஒழிந்தது. அக்குடிகளை இன்று 'சீர்மரபினர்' என்கின்றோம். சட்டம் போயிற்று, ஆயினும் அப்பழைய பெயரைச் சினத்திலும் ஏளனத்திலும் எடுத்து வீசுவார் இன்றும் இலர் என்று கூறவியலுமோ?

அப்பழைய நோயின் எச்சம் நாள்தோறும் செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் காணப்படுகின்றது. காவலர் ஒருவரைப் பிடித்தவுடனே 'குற்றவாளி கைது' என்று தலைப்பிட்டுவிடுகின்றனர். வழக்குமன்றம் இன்னும் கூடவில்லை; சான்று ஒன்றும் உசாவப்படவில்லை; தாளிகை தீர்ப்பளித்துவிட்டது! குற்றஞ்சாட்டப்பட்டவர் என்று ஒரு சொல் இருக்கின்றது. நம் வழக்குமன்றத் தமிழில் அத்தகையோரை 'எதிரி' என்று எழுதும் வழக்கமும் உண்டு; வழக்கில் எதிர்ப்பக்கத்தே நிற்பவர் என்பதற்கு மேல் அதிற் பழி ஒன்றுமில்லை. தீர்ப்பு வந்த பின்னரே ஒருவர் குற்றவாளி. இரண்டு சொற்களுக்கும் இடையே ஒரு மாந்தனின் வாழ்நாள் கிடக்கின்றது. விடுதலை பெற்று வெளிவந்தவனுக்கு அன்றைய தலைப்பைத் திருப்பித் தருவார் யார்? தினைத்துணைக் குற்றத்தையும் பனைத்துணையாகக் கொள்க என்று வள்ளுவர் சொன்னது, பழிக்கு நாணுவார் தம் குற்றத்தைக் காணும் முறைக்கு. பிறர் குற்றத்தை அளப்பதற்கு அவர் அவ்வளவையைக் கொடுத்தாரல்லர்.

இன்னுமொன்றையும் மறைக்காது கூறுதல் வேண்டும். நம் பழைய நூல்களிலும் இத்துறையில் எல்லாம் பொன்னாக இல்லை. புறநானூற்றின் 28-ஆம் பாட்டில், உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்கு அறிவுறுத்தும்பொழுது, குருடு, கூன், குறள், ஊமை, செவிடு முதலிய எட்டினையும் எண்ணி, அத்தகைய பிறப்பால் பயனொன்றும் இல்லை என்னும் முன்னோர் கருத்தை எடுத்துரைக்கின்றார். சங்கப் பாட்டு என்பதற்காக அக்கருத்தை நாம் இன்று தோளிற் சுமக்க வேண்டுவதில்லை. வடவர் நூலிற் கண்டால் சாடுவோம், நம் நூலிற் கண்டால் மூடுவோம் என்பது நடுநிலையாகாது. கருத்தை விலக்குவோம். ஆயின், அப்பாட்டு அவ்வெட்டினையும் சுட்ட எடுத்துக்கொண்ட சொல்லை மட்டும் ஒரு நொடி உற்று நோக்குவோம். அச்சொல் 'எச்சம்'.

எச்சம் என்பது யாது? பள்ளி மாணவனும் சொல்வான்: முற்றுப்பெறாது எஞ்சி நிற்கும் சொல். 'வந்த' என்பது பெயரெச்சம். தனியே நின்றால் பொருள் நிரம்பாது. 'பையன்' என்னும் பெயர் வந்து சேர்ந்தவுடன் நிரம்பிவிடுகின்றது. 'வந்து' என்பது வினையெச்சம். 'போனான்' என்னும் வினை வந்தவுடன் நிறைவெய்துகின்றது. எச்சத்தைப் பிழையான சொல் என்று எந்த இலக்கணமும் கூறவில்லை. அதனைக் கொண்டு முடியும் சொல் ஒன்று அருகில் இருத்தல் வேண்டும் என்று மட்டுமே கூறிற்று. எச்சங்களில்லாமல் நீண்டதொரு தொடரை அமைக்கத்தான் யாரால் இயலும்?

இப்பொருளை உடற்குறையுடையார்பால் வைத்துப் பாருங்கள். 'ஊன' என்னும் வடசொல்லுக்குக் குறைந்தது என்று பொருள். ஊனமுற்றோர் என்று சொல்லி ஆளையே குறைத்துவிட்டோம். தமிழ்நாட்டரசு அப்பெயரை விலக்கி 'மாற்றுத் திறனாளிகள்' என்னும் பெயரைத் துறைக்கு வைத்தது. அது பாராட்டுக்குரியதே. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைகளையே ஏற்றிருந்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை இருபத்தொன்றாக விரித்து, உரிமைகளையும் வகுத்தது. ஆனால் பெயரை மாற்றிய பின்னும் படிக்கட்டை மாற்றாதிருந்தால் என்ன பயன்? சக்கர நாற்காலியில் வருவார் ஏறவியலாத பள்ளி, பேருந்து, அலுவலகம், வாக்குச்சாவடி ஆகியவற்றில் குறை யாரிடத்தில் உள்ளது? ஏற வந்தவரிடத்திலா? சாய்தளம் அமைக்காதவரிடத்திலா? எச்சம் அங்கே நின்றுகொண்டிருக்கின்றது; அதனை முடித்து வைக்கவேண்டிய சொல்லாகிய நாம்தாம் வந்து சேரவில்லை.

பள்ளி ஆசிரியர்க்கும் இதில் தனிப்பொறுப்பு உண்டு. எழுத்துப்பிழை, சொற்பிழை, புணர்ச்சிப்பிழை, பொருட்பிழை என்று விடைத்தாளில் நாம் பகுத்துக் குறிக்கின்றோம். தாளில் இத்துணை நுட்பம் காட்டும் நாம், பையனை நோக்கிப் பேசும்பொழுது 'மக்கு', 'தற்குறி' என்று ஒரே வீச்சாக வீசிவிடுகின்றோம். தற்குறி என்பதன் பொருள் யாது? எழுதப் படிக்கத் தெரியாதவர் கையெழுத்துக்கு மாற்றாகத் தம் கையால் இடும் அடையாளம். பின்னர் அதை இட்டவர்க்கும் அதுவே பெயராயிற்று. கல்வி மறுக்கப்பட்டவன் இட்ட கீற்றை, கல்வி தரவேண்டியவனே வசையாக்குவது எவ்வகை முறை? பிழை தாளில் இருக்கின்றது; அதனைத் தாளிலேயே திருத்துக. பையன்மீது எழுதற்க! பையன்மீது எழுதியதை அழிக்க எந்த அழிப்பானும் இல்லை.

நம் இயக்க அன்பர்க்கும் ஒன்று கூறுவோம். தமிழிற் பிறசொல் கலந்து பேசுவோரையெல்லாம் இனப்பகைவர் என்று சீறுவார் நம்மிடையே உளர். உழவரும் தொழிலாளியும் தாய்மாரும் தம் காதில் விழுந்ததைப் பேசுகின்றனர், அது வழு. காட்டித் திருத்தினால் மகிழ்ந்து ஏற்பர். தமிழ் கற்றுத் தமிழால் உண்டு, தமிழுக்குக் கேடு என்று தெரிந்தே கலப்பவன் செயல் குற்றம். 1862 முதல் நடப்பிலிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தை மாற்றி, 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்குக் கொண்டுவந்த புதுச் சட்டத்திற்குப் 'பாரதிய நியாய சன்கிதா' என்று பெயரிட்டு, எல்லா மொழியினரும் அப்பெயரையே சொல்லுமாறு செய்தது வழுவன்று; அறிந்து செய்தது. முன்னவரை அன்பால் திருத்துக. பின்னவரை அறிவால் எதிர்த்து நிற்க. இவ்விரண்டையும் குழப்புவோமாயின், நம் மக்களே நம்மை அஞ்சி விலகுவர்; நம் சினமும் விழலுக்கிறைத்த நீராகும்.

ஆகவே அன்பர்காள்! இத்திங்கள் நாம் வேண்டுவன சிலவே. 'ஐயோ பாவம்' என்று வாய் திறக்குமுன் 'அந்தோ' என்று சொல்லிப் பாருங்கள். சொல்லிவிட்டு உதவிக்குக் கையையும் நீட்டுங்கள். திருமணப் பேச்சில் 'தோசம்' என்னும் சொல்லை எவரேனும் எடுத்தால், அப்பெண் செய்த பிழை யாது என்று அவையில் வினவுங்கள். பிடிபட்டவனைக் குற்றவாளி என்று எழுதும் தாளிகைக்கு ஓர் அஞ்சலட்டை வரையுங்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் சாய்தளம் இல்லையெனில், அதனை ஒரு குறையாக எழுதி ஊராட்சிக்குக் கொடுங்கள். அங்கே 'குறை' என்னும் சொல் தனக்குரிய இடத்தில் நிற்கும்.

சொற்களை இடமறிந்து வைப்பது புலவர் வேலை என்று ஒதுங்குதல் வேண்டா. வழுவை வழு என்போம். குறையைக் குறை என்போம். குற்றத்தை, செய்தவன் எவ்வளவு உயர்ந்த இருக்கையில் இருப்பினும், குற்றம் என்போம். எச்சமாய் நிற்பார்க்கு முடிக்கும் சொல்லாய் நாம் சென்று நிற்போம். தமிழ் தூய்மையுறுதல் என்பதன் பொருள் இதுவே.